ஏழாம் நம்பர் மலையில் பன்றி

எங்கள் மலைக்குக் காட்டுப் பன்றி வந்துவிட்டதா இல்லையா என்று மூன்று மாதம் சண்டை நடந்தது. சண்டை என்றால் பெரும்பாலும் நான் போட்ட சண்டைதான். அப்போது எனக்கு முப்பது வயது, கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கொழுந்தெடுத்தாள். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில், அதில் ஒரு செவலைப் பசு. எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அதன் பால்தான். எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த மாட்டை விட்டால் வேறொன்றும் கிடையாது. இருந்த வீடுகூடத் தோட்டத்துடையது.

அது தொண்ணூறுகளின் கடைசி. புதிதாகத் தேயிலைக் கன்று நட்ட மலையில் ஒரு நாள் காலை மண் புரண்டு கிடந்தது. கன்றுகள் வேரோடு சாய்ந்திருந்தன, மழைத்தண்ணீர் ஓடும் கான் கரைகள் இடிந்திருந்தன. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டு நேரே என் கொட்டிலுக்கு வந்தார். முந்தின மாதம் என் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதே மலையில் பிடிபட்டிருந்தது. அவருக்கு அது போதும்.

மாடு புல்லை மேயும், மண்ணைக் கிண்டிப் புழு தின்னுமா என்று கேட்டேன். அவர் அப்பா காலத்திலிருந்தே இந்த மலையில் பன்றி ஏறியதில்லையாம். பன்றியெல்லாம் பிபிலைப் பக்கம் கீழ்க்காட்டோடு சரி, இந்தக் குளிருக்கு வராது என்றார். நான் விடவில்லை. கீழ் மலைகளில் ஆளைக் குறைத்துப் புல் வெட்டாமல் விட்டதில் மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து கிடக்கிறது, கீழ்க்காட்டுக்கும் நம்முடைய தேயிலைக்கும் நடுவில் இப்போது வெட்டவெளியே இல்லை, பன்றி மேலே வருவதற்குப் பொலிஸில் போய்ப் பாஸ் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை.

விஷயம் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் வைத்து அவர் சொன்னார்: மாதம் முடிவதற்குள் மாடு தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். பன்றி என்று பொய் சொல்லித் தப்பப் பார்க்காதே, பன்றி என்றால் பன்றியைக் காட்டு.

எதைக் காட்டுவது? காலடியைக் காட்டலாமென்றால் விடிவதற்குள் மழை கழுவிவிடுகிறது. அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போவேன். கவாத்துக் கத்தியைப் பிடித்தால் செடியைப் பார்க்காமல் கீழே மானாப்புல்லைப் பார்ப்பேன். மாடு போனால் போகட்டும் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவள்மேலும் எரிந்து விழுந்தேன். உண்மையைச் சொன்னால், பால் போவதைவிடப் பெரட்டில் வைத்து என்னைப் பொய்யன் என்றதுதான் என்னை அரித்தது.

கீழே நாட்டில், அதாவது சிங்களக் கிராமத்தில், எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். காட்டை வெட்டிச் சோளம் போட்ட சேனையில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைப்பவன். ஓர் இரும்புக் குழாய், உள்ளே வெடிமருந்து, பன்றி வரும் வழிக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பி. கம்பியில் எது பட்டாலும் வெடிக்கும். விடிந்ததும் கழற்றிவிடு என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் கொடுத்தான். அது யுத்த காலம், பசறை ரோட்டில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்ப்பார்கள். தமிழன் கையில் துவக்கு அகப்பட்டால், அது பன்றிக்கு என்று எந்தப் பொலிஸ்காரன் நம்புவான்? அதெல்லாம் தெரிந்துதான் உரச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தேன். அவ்வளவு ஆத்திரம்.

கன்று மலைக்கு ஏறும் வழியில், ஏழாம் நம்பர் மலையின் அடியில், தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில், சனிக்கிழமை பின்னேரம் கட்டினேன். ஒரு மலையில் கொழுந்தெடுத்தால் ஏழெட்டு நாள் கழித்துத்தான் பெண்கள் மறுபடி அங்கே போவார்கள். வியாழக்கிழமை ஏழாம் நம்பரிலிருந்து கொழுந்துச் சாக்குகள் ஏறி வந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். அடுத்த வியாழன் வரை அங்கே ஓர் ஆளும் வராது என்று நினைத்தேன். ஞாயிறு காலை மேலே நின்று பார்த்தேன். வெடிச் சத்தமும் கேட்கவில்லை, பன்றியும் விழவில்லை. இறங்கிப் போய்க் கழற்றி, பின்னேரம் மறுபடி கட்டினால் யார் கண்ணிலாவது படும். இன்னொரு நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தேன்.

கடைக்காரர் புண்ணாக்கை நிறுத்துக்கொண்டே, இன்றைக்குப் பெண்கள் ஒருத்தரையும் காணோம், எல்லோரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அன்றன்றே கையில் காசு கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். எந்த மலை என்று கேட்டேன்.

"ஏழாம் நம்பராம். வியாழக்கெழம இடி மழையில பாதியோட ஏறி வந்துட்டாங்கல்ல, மிச்சத்த எடுக்கப் போயிருக்காங்க."

வியாழக்கிழமை சாக்குகள் வந்ததைப் பார்த்தேனே தவிர, பாதியில் வந்தனவா என்று நான் யோசிக்கவே இல்லை.

புண்ணாக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ரோட்டில் போனால் மூன்று மைல், குறுக்குப் பாதையில் பாதி. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. மலைக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. "பொலியோ பொலி!" முதல் கொழுந்தைக் கிள்ளும் முன் ஒருத்தி குரல் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள், மலை பொலிய வேண்டும், கூடை நிறைய வேண்டும் என்று. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு அதைக் கேட்டதும் பாதையை விட்டுச் செடிகளுக்குள் புகுந்து ஓடினேன்.

நான் வந்து சேர்வதற்குள் முப்பது பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து மலையின் நடுவிலிருந்து பாதி தூரம் கீழே இறங்கிவிட்டிருந்தார்கள். ஓரத்து நிரையில், எல்லோருக்கும் முந்திக்கொண்டு, என் மனைவி. காலையில் என்னிடம் துணி துவைக்கப் போவதாகச் சொன்னவள். அவளுக்கு எப்போதும் கை வேகம்.

"நில்லுங்க! யாரும் எறங்காதீங்க, கீழ துவக்கு கட்டியிருக்கு!"

நான் கத்தியதும் எல்லாக் கைகளும் நின்றன. யார் கட்டியது என்று மேலே நின்ற கணக்கப்பிள்ளை கேட்டார். நான்தான் என்றேன். முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பொலிஸே தேவலாம் என்றிருந்தது.

என் மனைவி நின்ற இடத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஐந்து தேயிலைச் செடிதான். மேலே போ என்றேன். மற்றவர்கள் ஏறினார்கள், அவள் அசையவில்லை. நான் இறங்கிக் கம்பியை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகுதான் தரையைப் பார்த்தேன். ஈர மண்ணில் பெரிய குளம்படி ஒன்று, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அடிகள். தாயும் குட்டிகளும் கம்பிக்கு ஒரு முழம் முன்பே திரும்பி, வேறு பக்கமாகத் தேயிலைக்குள் ஏறியிருந்தன. மூன்று மாதமாக நான் கேட்டுக் கத்திய சாட்சி காலடியில் கிடந்தது. ஆனால் துரையை அங்கே கூட்டி வந்தால், முப்பது பேரை விரட்டி ஏற்றிய காரணத்தையும் சொல்ல வேண்டும்.

கணக்கப்பிள்ளை இறங்கி வந்து குழாயைப் பார்த்தார், அடிகளையும் பார்த்தார். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். குழாயைக் கொண்டுபோய் அருவிப் பள்ளத்தில் போடச் சொன்னார். பெண்களிடம் இங்கே யாரும் எதையும் பார்க்கவில்லை என்றார். அவர்கள் இன்றுவரை வாய் திறந்ததில்லை. அவர்களிடம் நன்றி சொல்லக்கூட எனக்கு முகமில்லை.

இதோடாவது அடங்கினேனா? அன்று பின்னேரமே ஆரம்பித்துவிட்டேன். அதுதான் அடியைப் பார்த்தாயே, இனிக் குழி வெட்டலாம், இல்லாவிட்டால் நாட்டிலிருந்து நாய் கொண்டு வரலாம், எப்படியும் அந்தத் துரை முகத்துக்கு முன்னால் ஒரு பன்றியைப் போடாமல் விடமாட்டேன் என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மனைவி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

திங்கட்கிழமை பெரட்டுக்குத் துரை வந்தார். எங்கே உன் பன்றி என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி முன்னால் வந்துவிட்டாள்.

"எங்க மாடுதாங்க தொரை. நான்தான் கயித்த சரியா கட்டல. இன்னைக்கே குடுத்துர்றோம்."

கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். பெண்கள் கூடைக் கயிற்றைச் சரி செய்தார்கள். அது பொய் என்று தெரிந்தவர்கள் அவளைத் தவிர முப்பத்தொரு பேர் அங்கே நின்றோம். அடுத்த வருடம் பன்றி மலை முழுக்க ஏறித் துரையே காவலுக்கு ஆள் போட்டார். ஆனால் அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை.

மத்தியானம் கொட்டிலில் அவளிடம் கத்தினேன். ஊர் முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிட்டாயே என்றேன். அவள் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும். அத அவங்களுக்குக் காட்டுறேன்னு நீங்க திரிஞ்சா, நான் எந்த மலையில தைரியமா கால வைக்கிறது?"

கயிற்றை என் கையில் கொடுத்தாள். நான் பசுவை விற்க ஓட்டிக்கொண்டு பசறை ரோட்டில் நடந்தேன்.