முன்பக்கக் கேமரா

மலேசியாவில், மூவாரில் நான் தேநீர் குடிக்கும் கடைக்காரம்மா என்னை வாய் பேசாதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மலாய்க்காரர். சாயங்காலம் மரச்சாமான் ஃபேக்டரியிலிருந்து திரும்பி அவர் கடை முன்னால் நின்றால், மற்றவர்களிடம் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பவர் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, கையைக் கோப்பைபோலக் குவித்துக் காட்டுவார். நான் தலையாட்டுவேன். பால் கலக்காத ஒரு தே ஓ வரும். சீனி குறைவாகவா என்று இரண்டு விரலைச் சேர்த்துக் கேட்பார். அதற்கும் தலையாட்டுவேன். இரண்டு வருடமாக இப்படித்தான். கூட வேலை பார்க்கும் தேவகோட்டைக்காரர் ஒருவர், "நல்லாத்தானேண்ணே பேசுறீங்க, அந்தம்மாட்ட சொல்லிர வேண்டியதுதானே" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அந்தம்மா திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? விட்டுவிட்டேன்.

அந்தம்மா மேல் தப்பில்லை. அவர் கடை பெஞ்சில் போனைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்து, நான் என் மனைவியோடு இரண்டு கையாலும் பேசுவதைத்தான் அவர் தினமும் பார்க்கிறார். பாண்டியம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. பேச்சும் இல்லை. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்த குடும்பம். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அவளுடைய கைப்பேச்சு எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுப்பது இல்லை, அவர்கள் வீட்டுக்குள்ளேயே உண்டானது. கல்யாணமாகி நாலு மாதத்தில் நான் அதைக் கற்றுக்கொண்டேன். பத்தாவது வரை படித்தும் வகுப்பில் எழுந்து ஒரு பதில் சொன்னவனில்லை நான். கப்பலூரில் வேலை பார்த்த பட்டறையில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். அவளிடம் மட்டும் நான் வாயாடி. அன்றைக்குப் பட்டறையில் யார் யாரை ஏசினார்கள், பஸ்ஸில் எவன் காலை மிதித்தான் என்பது வரை, சோறு ஆறிப்போகும்வரை கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருப்பேன். பட்டறையை மூடியதும் மலேசியா வந்தேன். இங்கே தெருவில் மூன்று பாஷை ஓடுகிறது. எனக்கு ஓடுவது அந்த நாலாவது ஒன்றுதான், அதைப் பேசுகிறவள் கடல் தாண்டி இருக்கிறாள்.

அவளிடம் இருந்தது என் தங்கை கழித்துப்போட்ட பழைய போன். பேச்சுக்கு அது போதும். வீட்டுக்குவீடு அப்படி ஒன்று இருக்கிறது, "சாப்டியா", "வச்சிரவா" என்று குரல் வந்தால் யாருக்கும் குறையில்லை. எங்களுக்குக் குரலால் பயனில்லை. அந்தப் போனில் கை மேலே போவது தெரியும், கீழே வருவது வராது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாத்துக்கால் மாதிரி தெரியும். மறுபடி சொல் என்று நாலுமுறை கேட்டால் அவள் முகம் சுண்டிப்போகும். அதனால் புரியாவிட்டாலும் நான் தலையாட்டப் பழகினேன். புரிந்தது, சரி, ஆகட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே தலையாட்டல்.

ஒருநாள் காலையில் வேலைக்கு மணி அடிக்கப்போகும் நேரத்தில் கூப்பிட்டாள். அங்கே விடிந்திருக்கவில்லை. இருட்டில் அவள் கை ஒரு நிழலாக ஆடியது. மகள் கார்த்திகா மதுரையில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள், அவள் பக்கத்தில் இருந்திருந்தால் வாயால் சொல்லியிருப்பாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. கடைசியாக ஏதோ கேட்டாள் என்பது மட்டும் அவள் தாடை உயர்ந்ததில் தெரிந்தது. தலையாட்டினேன். வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் அவளுடைய அண்ணன் கூப்பிட்டார்.

"எங்க மாப்ள வந்துக்கிட்டிருக்க?"

"ஃபேக்டரில இருக்கேன் மச்சான்."

அந்தப் பக்கம் பறைச் சத்தம் கேட்டது.

"எங்கய்யா நேத்து போய்ட்டாருய்யா. நீ வாரேன்னு தலையாட்டினியாம். எடுக்கக் கூடாதுன்னு அவ ஐஸ் பெட்டிய மறிச்சுக்கிட்டு நிக்கிறா. காலையில இருந்து ரெண்டு தடவ வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிட்டா."

மாமனார் சாவுக்கு வருவேனா என்றுதான் அவள் இருட்டில் கேட்டிருக்கிறாள். "இருட்டுல புரியல மச்சான்" என்றேன். "சரி, எடுத்துர்றோம்" என்று அவர் வைத்துவிட்டார். பதினோரு நாள் பாண்டியம்மாள் என் அழைப்பை எடுக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அந்தப் போன்தான் இருந்தது.

மூன்று வருடம் முடிந்து போன வைகாசியில் ஊருக்குப் போனபோது, முதல் வேலையாக மனைவி, மகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மதுரை டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார பாய் நல்ல மனிதர். மலிவு விலைப் போன்கள் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார்.

"கேமரா அம்பது மெகாபிக்சல்ணே, கல்யாண வீட்ல எடுத்தா பட்டுச்சேலை சரிகைகூடத் தெரியும்."

"முன்னாடி கேமரா எப்பிடிங்க பாய்?"

"செல்ஃபிக்கா?" என்று சிரித்தார். எனக்குக் காது சூடானது. கார்த்திகாதான் சொன்னாள், "எங்கம்மா கையில பேசுவாங்க பாய். விரல் தெரியணும், அம்புட்டுத்தான்."

பாய் சிரிப்பை நிறுத்தினார். மூன்று போனுக்கும் கடை இணைப்பைப் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் என் போனுக்கு வீடியோ கால் போட்டுக்கொடுத்தார். பாண்டியம்மாளும் மகளும் எதிர்ச்சாரி நிழலில் போய் நின்றார்கள். நான் கடைக்குள்ளே நின்று பார்த்தேன். கவர் மாற்ற வந்த ஒருவர் எட்டிப்பார்த்து, "என்னண்ணே, ஊமைப்படம் ஓடுதா?" என்றார். போன் வழியாகவே கார்த்திகா சத்தம் போட்டாள், "புரியலன்னா சும்மா இருங்கண்ணே!" கடையே திரும்பிப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

முதல் போனில் அதே வாத்துக்கால். இரண்டாவதில் கையை மெல்ல ஆட்டினால் தெரிந்தது, அவள் இயல்பாகப் பேசினால் கலங்கியது. மூன்றாவதில் மோதிரத்தின் சிவப்புக் கல்கூடத் தெரிந்தது. அதன் விலை முதல் போனைப்போல இரண்டு பங்கு. "தெளிவு போன்ல இருக்குண்ணே, ஆனா ஊர்ல டவரும் வேணும்ல" என்றார் பாய். அது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்குள் டவர் எடுக்காது, பின்பக்கம் துவைகல்லுக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்க வேண்டும்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். போனை அணைக்காமலே பாண்டியம்மாள் மகளிடம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. பாதி எனக்குப் புரியவில்லை. ரேஷன், ஹாஸ்டல் ஃபீஸ், வேன் என்று நான் இல்லாத மூன்று வருடத்தில் இரண்டு பேரும் எத்தனையோ புதுச் சைகைகளை உண்டாக்கியிருந்தார்கள். அதில் ஒன்று அடிக்கடி வந்தது. இடது உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்து அதையே பார்ப்பது.

அவர்கள் கடைக்குள் வந்ததும் கார்த்திகாவிடம் கேட்டேன், "இப்பிடிக் கையப் பிடிச்சா என்னத்தா அர்த்தம்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அது நீங்கதான்ப்பா."

முன்பு பாண்டியம்மாள் எனக்கு மீசையைத் தொட்டுக் காட்டுவாள். கல்யாணமான வாரத்தில் அவளே வைத்த பெயர் அது.

விலை குறைந்ததே போதும் என்று பாண்டியம்மாள் முதல் போனை எடுத்து என் கையில் திணித்தாள். நான் மூன்றாவதை வாங்கினேன். மீதி விடுமுறை நாட்களில் புதுச் சைகைகளைக் கேட்டுக்கேட்டுப் படித்தேன். தப்பாகச் செய்தால் அவள் சிரிக்கவில்லை. குழந்தைக்குச் செய்வதுபோல என் விரலைப் பிடித்துத் திருத்தினாள். அவள் சிரித்திருக்கலாம் என்று இருந்தது. மூவாருக்குத் திரும்பி வந்து சில மாதமாகிறது. இந்நேரம் இன்னும் சில புதிதாக வந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை துவைகல் மேல் போனைச் சாய்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். டவர் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் குடத்தோடு வந்தாள். பாண்டியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். இருவரும் கையால் பேசத் தொடங்கினார்கள். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்து என்னைப் பற்றி ஏதோ சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள், இவளும் சிரித்தாள். நான் இங்கிருந்து கையை ஆட்டினேன். திரும்பவில்லை. வீட்டில் இருந்தால் தோளைத் தொட்டிருப்பேன், தரையைக் காலால் தட்டினாலும் அதிர்வில் திரும்புவாள். போனுக்குள் இருப்பவனால் அவளைக் கூப்பிட வழியில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி அடித்தால் போன் அதிரும், வெளிச்சம் மின்னும், பார்ப்பாள். ஆனால் துண்டித்தால் அவள் போய்விடுவாள். கழுத்து வியர்வை, காதோரம் புதிதாக நரைத்திருந்த முடி, ஓயாமல் பேசும் அந்த இரண்டு கை, எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நான் துண்டிக்கவில்லை.