பதினோராவது மோடம்

பெம்பான் தோட்டத்தில் பிறந்த இந்திராதேவிக்கு முப்பத்தாறு வயதில் கணவன் இல்லை, வீட்டுக்கடன் இல்லை, அடக்கமும் இல்லை. இருந்ததெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலைதான். புக்கிட் பெருவாங் ஊரில் ஒரு சிறு நிறுவனத்துக்காகச் செயற்கைக்கோள் நிலையங்களில் கேபிள் பூட்டுவாள். கேபிள் இழுக்கிறவளை எவன் கட்டுவான் என்று அத்தைமார் கேட்டதற்கு, கேபிளாவது வாயைத் திறக்காது என்றாள்.

இந்த முறை பதினொரு மோடம். பத்தும் செயற்கைக்கோள் வழியாகக் கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளோடு பேசும். பதினோராவது, கல்யாண வீட்டுச் சித்தப்பா மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். பத்தில் ஒன்று படுத்தால், நடுவிலுள்ள ஸ்விட்ச் அதன் வேலையைப் பதினோராவதிடம் தள்ளிவிடும். மூன்று நாள், மோடங்களை அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் குந்தி, எல்லாக் கேபிளையும் ஸ்விட்ச் வழியாகப் பூட்டி எண் ஒட்டினாள். சோதனை தேறினால் நிரந்தர வேலை. சிபாரிசு செய்ய வேண்டியவர் மேலாளர் தங்கையா.

வாடிக்கையாளர் தரப்பில் சோதிக்க வந்த பரமேஸ்வரன் நான்காவது மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்கினார். ஸ்விட்ச் டக்கென்று திரும்பியது. பதினோராவதில் பச்சை விளக்கு. ஆனால் அவர் மடிக்கணினியில் மேடையின் இணைப்பு சிவப்பாகவே நின்றது. ஒரு நிமிடம் போயிற்று. அவர் பேனாவை எடுத்தார்.

இந்திராதேவி ரேக்குக்குப் பின்னால் புகுந்தாள். பதினோராவதிலிருந்து சிக்னல் வெளியேறும் கேபிள் கழற்றப்பட்டு, அழகாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. அது செருகியிருந்த துளையில், புது மோடத்தோடு வந்த பிளாஸ்டிக் மூடி.

இந்த ஊரில் ஒரே ஒருவர்தான் இப்படிச் செய்வார், கதவோரம் நின்ற தங்கையா. பதினொரு வருடமாகியும் வீட்டுச் சோபாவின் பிளாஸ்டிக்கைப் பிரிக்காதவர். விருந்தாளிகள் வேர்வையோடு ஒட்டிக்கொண்டு எழுவார்கள்.

"அண்ணே, இதக் கழட்டுனது நீங்களா?"

தங்கையா குனிந்து காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். "சும்மாதானே இருக்கு, தூசி போயிருமேன்னு... தேவைப்பட்டா மாட்டிக்கலாம்னு நெனச்சேன்லா."

"தேவைப்படறப்ப அதுவே மாட்டிக்கணும். அதுக்குத்தானே இவ்ளோ கேபிளு?"

பரமேஸ்வரன் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். அவள் கேபிளைப் பூட்டினாள், சிவப்பு பச்சையானது. ஒன்று போதாது, பத்தையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள் என்றாள். மாலைவரை பிடுங்கினார்கள். பத்து முறையும் பதினோராவது எழுந்து வேலை செய்தது.

ஆனாலும் முதல் தோல்வியை எழுதியே ஆக வேண்டும், காரணத்தோடு, மேலாளரின் கையெழுத்தோடு. யார் கழற்றியதாக எழுத என்று பரமேஸ்வரன் அவளைக் கேட்டார். வாயை மூடிக்கொண்டால் பழி கேபிள் பூட்டியவள் தலையில். திறந்தால், சிபாரிசு செய்ய வேண்டியவரே குற்றவாளி.

"தங்கையானு எழுதுங்க," என்றாள். "தங்கய்யானு எழுதினாலும் அவருதான்."

தங்கையா படிவத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் அவளைக் கூப்பிட்டார். "சிபாரிசு லெட்டர நாளைக்கு வந்து வாங்கிக்க. ஆனா ஆபிஸ்ல இதச் சொல்லிச் சிரிக்காத, ஆமா."

"சிரிப்பேண்ணே," என்றாள் இந்திராதேவி. "நிரந்தர வேலையாச்சே, அவசரமில்ல. மெதுவா சிரிக்கிறேன்."