பிசிறு இல்லாத சட்டை

நேற்று என் மகள் செல்வி தன் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு மாட்டினாள். வெள்ளிக் கவரைக் கிழித்ததும் ஒரு வாசம் வந்தது பாருங்க, புது பிளாஸ்டிக்கும் சூடான இரும்பும் கலந்தாற்போல. எனக்கு அது பாய் கடை வாசம்.

இருபது வருசத்துக்கு முன்னால் அவிநாசி ரோட்டில் மாடிப்படிக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் சாமான் கடை. அன்று செல்வி உள்ளே போனாள், நான் செருப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அஞ்சாவது படித்தவளுக்கு அங்கே என்ன வேலை? பனியன் கம்பெனியில் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பிசிறு வெட்டுகிறவள் நான். அப்போது செல்விக்கும் பக்கத்து மேசைதான். ஆனால் பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகவில்லை, படுத்தால் இளைப்பு. டிசைன் வரையக் கற்றிருந்தாள். படம் வேகமாய் நகர்கிற கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டுக்கே வேலை தருவதாக ஒரு பிரிண்டிங் முதலாளி சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இருந்ததோ யாரோ கழித்துக் கொடுத்தது; அதில் படத்தை வேகமாய் ஓட்டுகிற கார்டு மாட்டத்தான் வந்திருந்தோம்.

பாய் இரண்டு போர்டை, கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் மாட்டுகிற பெரிய அட்டையை, எடுத்து வைத்தார். கார்டு சொருகுகிற ஸ்லாட் ஒன்றில் காப்பிக்கலர், இன்னொன்றில் கருப்பாய் நீளமாய்.

"இது ஏஜிபி, பழசு. உங்க போர்டுல இன்னைக்கே மாட்டிரலாம். இது பிசிஐ எக்ஸ்பிரஸ். போர்டையும் மாத்தணும். ஆனா இனி வர்றதெல்லாம் இதுலதான்."

போர்டும் என்றால் கையில் இருந்த காசு பத்தாது, சீட்டுப் பணம் வர ஒரு மாசம் ஆகும்.

"பழசே குடுங்க பாய். இன்னொரு மாசம் அந்தத் தூசில என்னால முடியாதுங்க," என்றாள் செல்வி.

"ஓடறதப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கடையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே டீ-சர்ட் படத்தைப் போட்டார். பழசில் சட்டை திக்கித் திக்கித் திரும்பியது. புதுசில் ராட்டினம் மாதிரி, முன்பக்கம், தோள், முதுகு... யாரும் தொடவில்லை! காலமெல்லாம் கையால் புரட்டியவள், எப்போது கடைக்குள் போனேன் என்றே தெரியவில்லை.

"உள்பக்கம் திருப்புங்க பாய்." திருப்பினார். "ஐயோ, தையலே இல்லீங்களே!"

"அம்மா இதையும் ரிஜெக்ட் பண்ணிருவாங்க போல," என்று பாய் சிரித்தார்.

செல்வியும் சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது. மூச்சு வந்ததும், "நீயே சொல்லும்மா, எது?" என்றாள்.

அதுவரை யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. என் கல்யாணச் சேலையே அடுத்தவர் எடுத்ததுதான். முந்தானையைத் திருகிக்கொண்டு சொன்னேன், "புதுசு கண்ணு. அதுவரைக்கும் நீ ஊட்டுல இரு. உன்ற மேசையையும் நானே பாத்துக்கறேன்."

அந்த மாசம் முழுக்க ஓவர்டைம். கால் வீங்கிப் போனது. கண்ணை மூடினால் அந்தச் சட்டை சுற்றும். சீட்டுப் பணம் வந்ததும் புதுசையே வாங்கினோம், செல்வி அப்புறம் தூசிப் பக்கமே போகவில்லை.

காப்பிக்கலர் ஸ்லாட் இப்போது எங்கேயும் வருவதில்லையாம். பாய் கடையும் இல்லை. போர்டும் கார்டும் எத்தனையோ மாறியாச்சு, நேற்று வந்ததும் அதே நீளக் கருப்பு ஸ்லாட்டில்தான் போய் உட்கார்ந்தது!

மாட்டி முடித்ததும் செல்வி திரையில் ஒரு சட்டையைத் திருப்பிக் காட்டினாள். இப்போது உள்ளே தையல் இருக்கிறது, நூல் நூலாகத் தெரிகிறது. சட்டை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இதைப் பார்த்தே ஆர்டர் கொடுக்கிறார்களாம், சாம்பிள் தைப்பதே குறைந்துபோச்சாம். என் கை தானாகக் கத்திரியைத் தேடியது.

வெட்ட ஒரு பிசிறுகூட இல்லை.