நானே கூப்பிட்ட சாப்பாடு

அப்பா இறந்த செய்தி குவைத்துக்கு வந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் போனில் ஆறுதலாகத்தான் சொன்னான். "விடு பிள்ள. வந்து மட்டும் என்ன செய்யப் போற? பொம்பளப் பிள்ள கொள்ளி வைக்கவா போற? எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்." ஊர் வழக்கம்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் செல்ல மகள் நான். அவருக்கு ஒரு கை எள்ளுத் தண்ணீர் விடக்கூட எனக்கு உரிமையில்லையா?

அப்போது ஆஸ்பத்திரி லேபில் என்னோடு டியூட்டி பார்த்தவள் ஓர் இங்கிலாந்துக்காரி. விக்கா என்ற வழியைச் சேர்ந்தவள். நிலாவையும் மண்ணையும் ஒரு பெண் தெய்வத்தையும் கும்பிடுகிறவர்கள் அவர்கள். தன்னைச் சூனியக்காரி என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள், அதுவும் என்னிடம் மட்டும். அந்த ஊரில் அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? அக்டோபர் கடைசியில் அவர்களுக்கு இறந்தவர்களை அழைத்துச் சாப்பாடு வைக்கும் நாள். அவளுக்கும் அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். "உன் அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொண்டு வா" என்றாள். என் வீட்டுக்காரர் கேலி செய்தார். "சூனியக்காரி வீட்டுக்கு வெறுங்கையோட போகாத, ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்துக்கோ."

மங்காஃப் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குப் பின் தெருவில்தான் அவள் ஃப்ளாட். நான் மீன் குழம்போடு போனேன். படையலுக்கு என்பதால் ருசிகூடப் பார்க்கவில்லை. அவளோ அடுப்பில் இருந்த சூப்பைக் கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்து, அதே கரண்டியை மறுபடி உள்ளே விடப் போனாள். "ஐயோ, எச்சில்!" என்று கையைப் பிடித்துவிட்டேன். "என் அம்மா ருசி பார்க்காமல் எதையும் பரிமாறியதில்லை. அவளுக்கு நான் வேறு எப்படிச் செய்வேன்?" என்று முறைத்தாள். கையை விட்டுவிட்டேன்.

திரைகளை இழுத்து மூடினாள். கீழே உப்பால் ஒரு வட்டம் போட்டாள். கிழக்கே, சூக் கடைத்தெருவில் வாங்கிய பக்கூர் என்ற அரபுச் சாம்பிராணிப் புகை, தெற்கே மெழுகுவர்த்தி, மேற்கே தண்ணீர், வடக்கே ஒரு கிண்ணம் மண். நாம் கோயில் சுற்றுவது போலவே வலமாகச் சுற்றி வந்தாள். கோயில் இல்லை, குரு இல்லை, ஒத்தாசைக்கு ஆள் இல்லை. ஆனாலும் ஒன்றைக்கூட அவசரமாகச் செய்யவில்லை. அவளைப் பார்க்கவே எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்துத் தட்டை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நானோ யாராவது வந்து செய்துவைப்பார்கள் என்பதுபோல் காத்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். "இதை யார் செய்ய வேண்டும்?" என்று கேட்டேன்.

"யாருடைய அப்பா?" என்றாள்.

குழம்புச் சோற்றை நானே வைத்தேன். "அப்பா, வாங்க. சாப்பிடுங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். அதன்பின் பேசக்கூடாது என்பது அவர்கள் முறை. இருவரும் அழுதுகொண்டே சாப்பிட்டோம். என் கல்யாணத்தில்கூட நான் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் பேசினேன். "அப்பாவுக்கு நானும் படையல் வெச்சேன்."

"நீயேவா கூப்பிட்ட?" என்று கேட்டான்.

"நானேதான்."

"அப்ப வந்திருப்பாரு பிள்ள" என்றான். "நீ கூப்பிட்டு அவரு எப்ப வராம இருந்தாரு?"