அவ்வளவா பழக்கம் இல்லைங்க

மூன்று ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில் ஒரு நாள். திருவையாற்றுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் சம்பாக் கதிர்கள் பழுத்துத் தலைசாய்ந்திருந்தன. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அன்று விடுமுறை. காலை பத்து மணி வாக்கில் வயதான பெண்மணி ஒருவர் வாசலில் வந்து நின்றார். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, வீங்கிய முழங்காலோடு வந்திருந்தார். அவர் என் தோழியின் மாமியார்.

தோழி எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளிப் பிறந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. வேலை பார்க்கும் ஊரில் கணவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்த பிறகு, அப்பா வீட்டுக்கே அவள் திரும்பி வந்து ஓராண்டு ஆகியிருந்தது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. கணவர் எதற்கும் இறங்கி வருவதாக இல்லை.

மாமியார் மருமகள் இருந்த வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"மகளிர் ஸ்டேஷன்லேருந்து வரச் சொல்லியிருக்காங்கம்மா. நான் நகை கேட்டுக் கொடுமை பண்ணுனேன்னு எழுதிக் கொடுத்திருக்கா. எம் மவன் பண்ணுனது தப்பு, நான் இல்லேங்கலை. ஆனா நான் என்னத்தைக் கேட்டேன்? அதை மட்டும் அவகிட்ட கேட்டுச் சொல்லும்மா."

அவர் எதையும் கேட்டவரில்லை என்பது எனக்குத் தெரியும். தோழி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது மருத்துவமனையில் ஒரு வாரம் தலைமாட்டை விட்டு நகராமல் இருந்தவர் அவர்தான். அதைவிட வலுவான சான்று ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் தோழி எனக்கு அனுப்பிய குரல் பதிவு அது. "கிழவி மேல ஒரு கேஸைப் போட்டாத்தான்டி அவன் வழிக்கு வருவான். பாவம், அது ஒண்ணும் கேக்கலைதான். ஆனா அம்மான்னா அவனுக்கு உசுரு. எனக்கு வேற வழி தெரியலை."

"பார்க்கிறேம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் புறப்படும்போது, "உங்க பையன் நம்பர் இருக்கா?" என்று என் வாய் கேட்டது. சுருக்குப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொண்டேன். அதை எதற்காக வாங்கினேன் என்ற கேள்வி, அவரைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியிலேயே தொடங்கிவிட்டது.

இங்கே பழைய சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டார் யாராவது சத்தமில்லாமல் தெருவுக்கு வந்து விசாரித்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். வழி கேட்பதுபோல வண்டியை நிறுத்துவார்கள். "அந்த வீட்டு மனுஷங்க எப்படிங்க?" என்று பேச்சு நகரும். "தங்கமான குடும்பம்ங்க" என்று சொல்லி அனுப்புவதுதான் முறை. ஆகாதவர்கள்கூட வாய்விட்டுக் குறை சொல்வதில்லை. "எங்களுக்கு அவ்வளவா பழக்கம் இல்லைங்க" என்பார்கள். அதற்கு என்ன பொருள் என்று கேட்டவருக்குத் தெரியும். வண்டி திரும்பிவிடும்.

அந்த நாளுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு நல்ல வரன் ஒன்று வந்தது. விசாரிக்க வந்தவர்கள், பண்டிகைக்குப் பிறந்த வீடு வந்திருந்த என் தோழியிடம் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவள், "எங்களுக்கு அவ்வளவா பழக்கம் இல்லைங்க" என்று சொல்லியிருக்கிறாள். தரகர் வந்து சொன்னபோது அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. தங்கைக்குச் சிறு வயதில் வலிப்பு வந்து, மாத்திரையில் அடங்கியிருந்தது. தெருவில் அதை அறிந்த ஒரே ஆள் அவள். ஒருமுறை தங்கை பள்ளியில் விழுந்தபோது மடியில் தாங்கிக்கொண்டவளும் அவளே.

பல ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் காரணம் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. வாழ்க்கை உடைந்து அவள் ஊர் திரும்பி என் கதவைத் தட்டியபோது, மறந்துவிட்டதாகவே நம்பிக் கதவைத் திறந்தேன். ஓராண்டு முழுவதும் பொறுமையாக அவள் துயரத்தைக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தேனா, சேர்த்துவைத்துக்கொண்டிருந்தேனா?

அடுத்த இரண்டு நாள்கள் பெரும் குழப்பத்தில் கழிந்தன. கணவரின் எண்ணுக்கு அந்தப் பதிவை அனுப்பப் போவேன், விரலை எடுத்துவிடுவேன். அனுப்பினால், குற்றமற்ற ஒரு முதியவர் காவல் நிலையப் படி ஏறுவது நிற்கும். அது நியாயம். ஆனால் அந்த நியாயத்தை நினைக்கும்போதெல்லாம், விஷயம் தெரிந்ததும் தோழியின் முகம் எப்படி மாறும் என்பதே எனக்கு முதலில் தெரிந்தது. அனுப்பாமல் இருந்தால் பழிவாங்காதவள் என்று நிம்மதியாக இருக்கலாம். அந்த நிம்மதிக்கு விலை அந்த அம்மாவின் மானம். நூலகத்தில் மூன்று புத்தகங்களை இடம் மாற்றி அடுக்கினேன். பதினெட்டு ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை.

தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். எல்லாம் தெரிந்தே ஒருவர் மணந்துகொள்ள, அவள் மயிலாடுதுறையில் குழந்தையோடு இருக்கிறாள். "உனக்கு அவ பண்ணினதுக்கு..." என்று நான் ஆரம்பித்ததும் சிரித்துவிட்டாள்.

"எனக்காகவாக்கா? அந்த இடத்துக்குப் போயிருந்தா மாத்திரையை அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சுக் குடித்தனம் பண்ணியிருப்பேன். நான் எப்பவோ விட்டாச்சு. பழி வாங்கணும்னா உன் பேர்ல வாங்கிக்க. என்னை இழுக்காதே."

"அப்ப அந்த அம்மா?"

"அது எனக்குத் தெரியாது. நீதானே அவ்வளவு படிச்சவ. வைக்கிறேன், சோறு வடிக்கணும்."

என் கோபத்துக்கு நான் வைத்திருந்த ஒரே கௌரவமான காரணமும் போய்விட்டது.

மறுநாள் தோழியைத் தேடி வயலுக்குப் போனேன். அவள் உளுந்து தெளித்துக்கொண்டிருந்தாள். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கையில், நிற்கும் நெல்லுக்கு நடுவிலேயே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல்லை அறுத்த பிறகுதான் அடியில் முளைத்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

"என்னடி, லைப்ரரியே வரப்புக்கு வந்திருக்கு?" என்றாள்.

கைப்பேசியை எடுத்து அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டினேன். கூடைக்குள் இருந்த அவள் கை அப்படியே நின்றது.

"இதை இன்னும் வச்சிருக்கியா?"

"அழிக்க மறந்துட்டேன்."

"நீயா? ஆறாங்கிளாஸ்ல நான் உடைச்ச காம்பஸ் பாக்ஸை இன்னும் சொல்லிக் காட்டுறவ நீ. மறந்துட்டியாம்!"

"அந்த அம்மா பேரை எடுத்துடு. இல்லேன்னா நானே ஸ்டேஷனுக்கு வந்து இதைப் போட்டுக் காட்டுவேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஓர் இனிப்பு பரவியது. அதை மறைத்து எழுதினால் இந்த அனுபவத்தை எழுதுவதில் பொருளில்லை. அந்த முதியவரின் முகம் அந்தக் கணத்தில் என் நினைவில் இல்லவே இல்லை.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "உன் தங்கச்சி விஷயத்துக்குத்தானே இது?"

நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நல்ல பொண்ணுன்னு மட்டும் சொல்லி அனுப்பியிருந்தா, நாளைக்கு அங்க போய் விழுந்தா அவளை யாருடி பிடிக்கிறது? வலிப்பு இருக்குன்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை. வேற என்ன சொல்லட்டும்?" என்றவள், இரண்டு கை உளுந்தைத் தெளித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தாள். "அவளுக்கு வந்தவன் உள்ளூர்லயே வேலை பார்க்குறவன். என் வீட்டுக்காரன் அப்பவே மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவான். அதுவும் என் மனசுல இருந்திருக்கும். எனக்கே தெரியலைடி. போ. அந்தப் பேரை எடுத்துடுறேன்."

சொன்னபடியே எழுதிக் கொடுத்து மாமியாரின் பெயரை நீக்கினாள். ஆனால் கணவர் மீது அவளுக்கு இருந்த ஒரே பிடியும் அதோடு நழுவியது. அவர் நிதானமாக வழக்கை இழுத்தார். விவாகரத்துக் கிடைக்க அவளுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் தனியாகப் பேருந்துக்கு நிற்பதைப் பார்ப்பேன். கூட வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு முதியவரைக் காப்பாற்றினேனா, தோழியைக் கைவிட்டேனா? இரண்டும் ஒரே வாக்கியத்தால் நடந்துவிட்டன.

அந்த ஆண்டு பங்குனியில் மாமியார் மறுபடியும் இரண்டு பேருந்து மாறி வந்தார். தன் வயலில் விளைந்த உளுந்து ஒரு பை கொடுத்து, "நீ நல்லா இருக்கணும்மா" என்று என் கன்னத்தைத் தொட்டார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதே வாரம், நான் வேலை முடிந்து திரும்பியபோது என் வாசலில் இன்னொரு பை இருந்தது. கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தே தோழி வைத்தது என்று தெரிந்தது. அன்று தெளித்த உளுந்து. மன்னித்துக் கொடுத்தாளா, நமக்குள் எதுவும் மிச்சம் வேண்டாம் என்று கொடுத்தாளா, இன்றுவரை கேட்கவில்லை. இரண்டு பைகளையும் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டினேன். கொட்டிய பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

குரல் பதிவை வரப்பிலிருந்து திரும்பிய அன்றே அழித்துவிட்டேன். அந்தக் கணவரின் எண்ணை மட்டும் ஏனோ இன்னும் அழிக்கவில்லை. நியாயம் கேட்டு எங்கேயாவது போய் நிற்க நேரும்போதெல்லாம், என்னோடு கூட வந்து நிற்பது அக்கறையா, பழைய கோபமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். சில நாள்களில் அடையாளம் தெரிகிறது, பல நாள்களில் தெரிவதில்லை.