பூச்சி உருண்டை போட்ட கூறைச்சேலை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். என் மகள் அப்படியில்லை. உடையார்கட்டில் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், அத்தனை சனத்துக்கு நடுவில் அவள் கதைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அவளுடைய மூத்தவன் பிறந்த கிழமையே மஞ்சளாகிப் போனான். ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தின் கீழே கிடத்தி, இரத்தமும் மாற்றித்தான் காப்பாற்றினார்கள். பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு சத்துக் குறைவு என்றார் டொக்டர். மற்ற நேரம் பிள்ளை நன்றாக இருப்பான். சில மருந்துக் குளிசைகளோ, உடுப்புகளுக்குள் போடும் பூச்சி உருண்டையின் நெடியோ பட்டால் இரத்தம் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகும். தாய்வழியால் ஆண்பிள்ளைகளுக்கு வருவது என்றும் சொன்னார்.

எனக்கு என் தம்பியின் நினைவு வந்தது. சின்ன வயதில் மலேரியாக் குளிசை குடித்தபிறகு அவனுக்குச் சிறுநீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனது. காமாலை என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஒருவாறு தப்பினான். அப்படியென்றால் இது என் பிறந்த வீட்டால் வந்தது.

"என்னாலதான் மோனை," என்று அழுதேன்.

"நீங்கள் என்ன, கடையில வாங்கியே தந்தனீங்கள் அம்மா?" என்று மகள் சிரித்தாள்.

பிறகு, மருந்துக்கடையில் பிள்ளையின் வயதைச் சொல்லுமுன் இந்த இரத்த வருத்தத்தைச் சொல்லுவாள். போகிற வீடுகளில் தலையணையை மணந்து பார்த்துத்தான் அவனைப் படுக்கவைப்பாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை.

இரண்டாவதும் ஆண். சோதித்தபோது அவனுக்கும் இருந்தது. முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற துடக்குக் கழிக்க உறவுக்காரர் வந்திருந்தார்கள். மகளின் மாமியார் தன்னுடைய கலியாணக் கூறைச்சேலையை அலுமாரியிலிருந்து எடுத்து, கைகளில் விரித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். பேரப்பிள்ளையை அதில் ஏந்த வேண்டுமென்பது அவருடைய ஆசை. மூத்தவன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவனுக்கு அது நடக்கவில்லை. உருண்டை கூடாதென்று அவருக்கும் சொல்லித்தான் இருந்தது. கூறையை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

உருண்டையின் நெடி எனக்கே எட்டியது. மகள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

"மாமி, சேலையைத் தள்ளி வையுங்கோ."

"ஏன் பிள்ளை, என்ர கூறை நாறுதோ? என்ர மூண்டும் இதில கிடந்து வளந்ததுகள். ஒண்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

"அவைக்கு இந்த வருத்தம் இல்லை மாமி. இவனுக்கு இருக்கு. என்ர இரத்தத்தால வந்தது."

சனம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. நான் குசினி வாசலுக்குப் பின்வாங்கினேன்.

"சபையில சொல்லுற கதையே இது? வெக்கமில்லையே உனக்கு?"

"நான் வெக்கப்பட்டா, இவன் ஆரிட்டப் போய்ச் சொல்லுவான் மாமி? இவனுக்கு உங்கட கை வேணும். சேலைதான் வேண்டாம்."

குரலை உயர்த்தவில்லை. பிள்ளையைக் கொடுக்கவும் இல்லை.

மாமியார் சேலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. தலையில் தண்ணீர் சொட்ட, கொடியில் காய்ந்த பருத்திச் சேலையை உடுத்திக்கொண்டு வந்து மகளுக்கு முன்னால் நின்றார்.

"மணந்து பார். காணுமோ, இன்னும் ரெண்டு வாளி ஊத்தவோ?"

மகள் உண்மையாகவே அவருடைய தோளில் மூக்கை வைத்து மணந்தாள்.

"சவுக்கார மணம்தான் மாமி," என்று பிள்ளையைக் கொடுத்தாள்.