எந்த வலி, பாய்?

ஹனீபா பாயின் வேன் ஸ்டார்ட் ஆகிவிட்ட சந்தோஷத்தில்தான் அன்று காலையில் அவருக்குப் போன் போட்டேன். கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்கவில்லை. எடுத்தது அவர் மகள் ஷாஹினா.

"அத்தா போயி, மாமா" என்றாள்.

"எங்க போயிருக்காரு? வந்ததும் சொல்லு, வண்டி ஓடுதுன்னு. இந்தா, சத்தம் கேக்குதா?" என்று போனை இன்ஜின் பக்கம் நீட்டினேன்.

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. கொச்சியில், பள்ளுருத்தியில், இத்தனை வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். தமிழும் மலையாளமும் கலந்த அந்த வீட்டுப் பேச்சு எனக்கு அத்துப்படி என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். ஒரு சாவுச் செய்தியை ஒழுங்காகக் காதில் வாங்கத் துப்பில்லை. இன்ஜினை அணைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

மட்டாஞ்சேரியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஜூ டவுனுக்குப் போகிற சந்தில், மிளகுக் கிட்டங்கிக்குப் பின்னால், கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. செம்பு என்று இங்கே சொல்வது பிரியாணி அண்டாவை. இதைப் படிக்கிற இந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேராவது அவர் செம்பில் வெந்ததைத் தின்று கை கழுவியவர்கள்தான். அவருடைய தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள்ளே தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அவர் வாயில் மட்டும் இரண்டுக்கும் நடுவில் வாசல் கிடையாது.

ஒருநாள் நான் கடையில் இருந்தபோது பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வந்து, இருப்பதிலேயே பெரிய செம்பைத் தட்டிப் பார்த்து விலை கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் அலங்காரமாக வைப்பார்களாம். பாய் அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, "சோறு வேகுற பாத்திரத்துல பூச்செடி வைக்கவா சேட்டா? சாயா குடிச்சிட்டு போ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வந்தவரும் சிரித்துக்கொண்டே போனார்.

நான் அவரை முதலில் பார்த்தது கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்து பட்டறை போட்ட புதிதில். கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த ஆரம்ப காலத்துப் பெட்ரோல் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "வண்டிக்கு வலி இல்ல" என்றார்.

"வண்டிக்கு எதுக்குங்க வலி வரணும்? இல்லாட்டி நல்லதுதானே?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு பட்டறைக்குப் போய்விடலாமா என்று யோசித்திருப்பார். பிறகு கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, "வலிடா, வலி! பாலம் ஏறும்போ வண்டி வலிக்குன்னில்ல!" என்று கத்தினார். மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மனுஷன் சொன்னது, வண்டியில் இழுவை இல்லை என்று.

நின்ற இடத்தில் அந்த வேன் சமர்த்தாக ஓடியது. பாத்திரம் ஏற்றிக்கொண்டு வெலிங்டன் தீவுக்குப் போகிற பாலத்தில் ஏறினால்தான் மூச்சு வாங்கியது. பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜை நீளமான ஹோஸில் மாட்டிக் கையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார, பாய் ஓட்டினார். பாலம் ஏற ஏற முள் இறங்கியது. டேங்குக்குள் இருக்கிற பம்பு தளர்ந்துபோயிருந்தது. சும்மா நிற்கிற இன்ஜினுக்கு அது கொடுப்பது போதும், சுமை இழுக்கிற இன்ஜினுக்குப் போதாது. பம்பை மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் போனில், "முருகேசா, இப்போ நல்ல வலி!" என்று அவர் போட்ட கூச்சல் பக்கத்தில் இருந்த என் மனைவிக்குக் கேட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போனாள்.

அதிலிருந்து அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. அவர் அந்த வார்த்தையை வாயில் எடுத்தால் போதும், "எந்த வலி பாய்? உங்க வலியா, எங்க வலியா?" என்பேன். அவர் அதை வண்டியோடு விடவில்லை. மூட்டை தூக்குகிறவர் சோர்ந்துபோனால் "அவனுக்கு வலி போயி" என்பார். கல்யாணம் இல்லாத மாதத்தில் வியாபாரம் சுத்தமாகப் படுத்துவிட்டால் "கச்சவடத்துக்குத் தீரே வலி இல்லடா" என்பார். எங்கள் வலி அவருக்கு வந்தால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். ஒருமுறை செம்பு நழுவிக் காலில் விழுந்து பெருவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பிடித்தால், "சாரமில்ல, சாரமில்ல. செம்பு சொட்டையாச்சா பாரு" என்றார். பரவாயில்லை என்பதற்கு இங்கே சாரமில்ல என்பார்கள். அவருக்கு எல்லாமே சாரமில்லைதான்!

இப்போது கடைசி விஷயத்துக்கு வருகிறேன். கடல் ஏறுகிற நாட்களில் காயல் தண்ணீர் மட்டாஞ்சேரிச் சந்துகளுக்குள் வந்து நிற்பது உங்களுக்குத் தெரியும். அந்த உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி நின்ற வேன், அப்புறம் கிளம்பவே இல்லை. கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பம்பு உறுமுகிறது. கேஜ் போட்டால் அழுத்தம் சரி. பிளக்கில் பொறி வருகிறது. நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினேன். டிக் டிக்கென்று கேட்க வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை. பெட்ரோல் வாசல்வரை வந்து நிற்கிறது, கதவுதான் திறக்கவில்லை என்று பாய்க்குச் சொன்னேன். அவரும் ஸ்குரூ டிரைவரை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "உறங்குது" என்றார்.

வண்டியின் கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்று என்று வந்தவன் போனவனெல்லாம் சொன்னான். அந்த மாடலுக்கு எங்கே போய் வாங்குவது? ஸ்கேனரைச் செருகினால் இவ்வளவு பழைய வண்டி அதனோடு பேசவே மாட்டேன் என்கிறது. இன்னொரு வேனிலிருந்து கிராங்க் சென்சாரைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை. எனக்கு வெறி பிடித்துவிட்டது. மற்ற வேலையை எல்லாம் ஓரம்கட்டிவிட்டு ஒவ்வொரு வயராகப் பார்க்க ஆரம்பித்தேன்.

அது கல்யாண மாதம். வேன் இல்லாததால் ஆட்டோ பிடித்து, மாடி ஹாலுக்கெல்லாம் தானும் ஒரு கை பிடித்துப் பாத்திரம் ஏற்றிவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் என் பட்டறைக்கு வருவார். பழைய டயர்மேல் உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நாளாகப் பேச்சு குறைந்திருந்தது. வேன் கவலை என்று நினைத்தேன்.

கடைசியாக வந்த அன்று என் தலை டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. பல்லுக்கிடையில் டார்ச். அங்கிருந்து பார்த்தால் அவருடைய செருப்பு மட்டும்தான் தெரியும்.

"எடா முருகேசா, ஏறும்போ தீரே வலி இல்லடா" என்றார்.

"வண்டி உருளவே இல்ல, அதுக்குள்ள ஏத்தத்துக்குப் போயிட்டீங்களா? கொஞ்சம் சும்மா இருங்க பாய்!" என்றேன்.

சிரித்தார். "சாரமில்ல. உன் பணி நடக்கட்டும்" என்றார். செருப்பு திரும்பி வாசலுக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பஸ் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கோளாறு கிடைத்தது. கம்ப்யூட்டரிலிருந்து இன்ஜின் உடம்புக்குப் போகிற, இன்ஜெக்டர்களைத் திறக்க வைக்கிற ஓர் எர்த் வயர். மீட்டர் வைத்தபோதெல்லாம் நல்ல பிள்ளைபோல இணைப்பு இருப்பதாகக் காட்டிய வயர்தான். சந்தேகப்பட்டு, ஹெட்லைட் பல்பு ஒன்றை அதன் வழியாக எரியவிட்டேன். பல்பு அழுது வடிந்தது. மேல் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே ஒரே பச்சைக் களிம்பு, ஓர் இழைதான் மிச்சம். புளி போட்டுத் தேய்த்து பாய் தன் செம்பிலிருந்து எடுப்பாரே, அதே களிம்பு. அவருக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புது வயர் கொடுத்துச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. உடனே போன் போட்டேன். மேலே சொன்னேனே, அந்தப் போன்தான்.

நெஞ்சு என்றார்கள். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் மாடிப்படியில் உட்கார்ந்தாராம், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆமினா அக்கா கடையநல்லூர்க்காரர். கணவனை இழந்தவர்கள் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கிற இத்தாவில் இருந்ததால், கதவுக்குப் பின்னால் நின்று பேசினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். படியேற முடியாம நின்னு நின்னு ஏறுனாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் கத்தினேன். 'முருகேசன்கிட்ட சொல்லியிருக்கேன், வண்டி சரியானதும் அவன்கூடப் போறேன்'னாங்க. உங்ககிட்ட சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்த மனுஷனைப் பொய்யனாக்க மனசு வரவில்லை.

"சொன்னாரு அக்கா."

"என்ன சொன்னாங்க?"

"ஏறும்போது வலி இல்லேன்னாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டார்: "எந்த வலி?"

"நான் வண்டின்னு நெனச்சுட்டேன் அக்கா."

அவர் அழுதது கேட்டது. நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களுக்கு நேரா ஒரு வார்த்தை சொல்ல வராதே தம்பி. என்கிட்டயும் வாயு, வாயுன்னுதானே சொன்னாங்க" என்றார். அப்புறம் உள்ளே பார்த்து, மாமாவுக்குச் சாயா கொண்டுவா என்று ஷாஹினாவிடம் சொன்னார்.

பாய், எனக்கு உங்கள்மேல் கோபம்தான். நெஞ்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்? அது எங்கள் ஊரிலும் நெஞ்சுதான், உங்கள் ஊரிலும் நெஞ்சுதான். அதில் ஒரு குழப்பமும் கிடையாது. வண்டிக்குச் சொல்கிற வார்த்தையை உங்களுக்குச் சொன்னால் வண்டிக்காரன் வண்டியைத்தானே பார்ப்பான்? இப்படியெல்லாம் திட்டிப் பார்க்கிறேன், ஆறமாட்டேன் என்கிறது. வருஷக்கணக்காக விளையாட்டுக்குக் கேட்ட கேள்வி அது. அன்றைக்குத் தலையை வெளியே நீட்டி ஒருதரம் கேட்டிருந்தால், உங்கள் முகத்தையாவது பார்த்திருப்பேன்.

இப்போதெல்லாம் யாராவது பின்னால் வந்து நின்று பேசினால், வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். வேலை தாமதமாகிறது. ஆகட்டும். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது களிம்பு பிடித்த ஒரு வயர்த்துண்டும், அந்த ஒற்றை வார்த்தையும்தான்.

கடையை ஷாஹினா எடுத்து நடத்துகிறாள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து வந்த முதல் கல்யாண ஆர்டர் வெலிங்டன் தீவில். டிரைவர் வராததால் நானே வேனை எடுத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் செம்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி ஓர் இடத்திலும் திணறவில்லை, அத்தனை சுமையையும் தூக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறியது.

"இப்போ எப்படி, மாமா? வலி உண்டா?" என்று கேட்டாள்.

"இருக்கு. நல்லா இருக்கு" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் காயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எந்த வலி என்று கேட்கவில்லை.